சாம்பிள் எடிட்டிங்: கத்தியை எங்கே வைப்பது?

கடம் வாசிக்கும் அண்ணன் ஒருவரை வீட்டுக்கு வரச்சொல்லி, படுக்கையறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, எட்டு நிமிடம் பதிவு செய்தேன். கச்சேரியில் வாசிப்பது போல வேண்டாம். ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள், ஓசை முழுக்க அடங்கிய பிறகு அடுத்ததற்குப் போங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கழுத்தில் விரலால் சில, நடுவில் உள்ளங்கையால் சில, கடத்தின் வாயைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழுப்பும் அந்த ஆழமான ‘கும்’ சில. மானாமதுரைக் கடம். மண் என்று நம்ப முடியாத அளவுக்கு அதில் உலோகத்தின் கணீர் உண்டு.

ராத்திரி உட்கார்ந்து ஒரே ஒரு தட்டை வெட்டியெடுத்து, கீபோர்டில் ஏற்றி வாசித்துப் பார்த்தேன். கடம் கேட்டது. ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஓசை முடிகிற இடத்தில் இன்னொரு ‘டிக்’. வாசித்தவர் கையில் குறையில்லை, மைக்கிலும் குறையில்லை. நான் கத்தி வைத்த இடம்தான் சரியில்லை.

சாம்பிள் எடிட்டிங், அதாவது பதிவு செய்த ஒலியை வெட்டி வாத்தியம் போல வாசிக்கத் தயார் செய்யும் வேலை, பழக வருகிறவர்கள் முதலில் தேடுவது எஃபெக்டுகளை. எக்கோ, ரிவெர்ப் என்று பெயர் பெயராகக் கேட்பார்கள். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஒலியை எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்பது கைவந்துவிட்டால் இந்த வேலையில் பாதி முடிந்தது. அதனால் இந்தக் கட்டுரையில் அந்த ‘டிக்’கைத்தான் நீண்ட நேரம் துரத்தப் போகிறேன்.

ஒரு சொல், இரண்டு பொருள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ‘சாம்பிள்’ என்ற சொல் இந்தத் துறையில் இரண்டு விஷயங்களைக் குறிக்கிறது. மைக் வழியாக வரும் மின்னழுத்தத்தைக் கணினி விநாடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து எண்ணாக எழுதிக்கொள்கிறதே, அந்த ஒவ்வோர் அளவீட்டுக்கும் சாம்பிள் என்று பெயர். நாம் பதிவு செய்து, வெட்டி, கீபோர்டில் ஏற்றி வாத்தியம் போல வாசிக்கும் ஒலித்துணுக்குக்கும் சாம்பிள் என்றுதான் பெயர். ஒன்று எறும்பு, மற்றொன்று யானை. இங்கே சின்னதைப் ‘புள்ளி’ என்றும், பெரியதை ‘சாம்பிள்’ என்றும் சொல்லப்போகிறேன்.

விநாடிக்கு எத்தனை புள்ளி? சிடியில் 44,100. வீடியோ வேலைகளில் 48,000. 44,100 என்பது விநோதமான எண்ணாகத் தெரியும். அதற்குக் காரணம் உண்டு. மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். ஓர் அதிர்வைச் சரியாகப் பிடிக்க விநாடிக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் புள்ளிகள் வேண்டும் என்பது கணக்கு. ஆகவே 40,000க்கு மேல் ஏதோ ஓர் எண். சிடி 1982இல் சந்தைக்கு வருவதற்கு முன்பு, டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் சேமித்தார்கள். திரையின் ஒரு வரிக்கு 3 புள்ளிகள், பயன்படுத்தக்கூடிய வரிகள் 245, விநாடிக்கு 60 புலங்கள் (ஒரு புலம் என்பது திரைப் படத்தின் ஒன்றுவிட்டு ஒரு வரி சேர்ந்த பாதி). பெருக்கிப் பாருங்கள்: 44,100. டேப் போய்விட்டது, எண் தங்கிவிட்டது. உங்கள் பாட்டு வீடியோவுக்குப் போவதென்றால் 48,000 வையுங்கள். இல்லாவிட்டால் 44,100 போதும். எதை எடுத்தாலும் பதிவு முதல் கடைசி வரை ஒரே எண்ணில் இருக்கட்டும்.

ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம் என்பது பிட் கணக்கு. 16 பிட்டில் 65,536 படிகள். 24 பிட்டில் 1,67,77,216 படிகள். பதிவை எப்போதும் 24 பிட்டில் செய்யுங்கள். படிகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது, சத்தத்தைக் கொஞ்சம் குறைவாகப் பதிந்துவிட்டுப் பிறகு ஏற்றிக்கொண்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. சத்தம் அதிகமாகிவிட்டால்தான் ஆபத்து. டிஜிட்டலில் 0 டெசிபல் என்பது கூரை. அதற்கு மேல் இடமே இல்லை. அலையின் தலை தட்டையாகச் சீவப்பட்டுவிடும், கேட்டால் கரகரவென்று இருக்கும். சீவப்பட்ட தலையை மீட்டுத் தருவதாகச் சொல்லும் கருவிகள் உண்டு. அங்கே என்ன இருந்திருக்கும் என்று அவை ஊகித்து வரைகின்றன, அவ்வளவுதான். கடம், மிருதங்கம், பறை எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் உச்சிக்குப் போகிறவை. உரத்த தட்டு மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் நடுவில் நிற்கும்படி வைத்துக்கொண்டால் நிம்மதியாகப் பதியலாம்.

‘டிக்’ எங்கிருந்து வந்தது?

பதிவை மென்பொருளில் திறந்தால் அலைவடிவம் தெரியும். ஆடாசிட்டியாக இருக்கலாம், ரீப்பராக இருக்கலாம், எஃப்எல் ஸ்டூடியோவுக்குள் இருக்கும் எடிசனாக இருக்கலாம், படம் ஒன்றுதான். நடுவில் ஒரு கிடைக்கோடு. அதற்கு மேலும் கீழுமாக அலை ஏறி இறங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். பெரிதாக்கிக்கொண்டே போனால் வளைகோடாகும்; இன்னும் பெரிதாக்கினால் தனித்தனிப் புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும்.

அந்த நடுக்கோடு பூச்சியம். ஸ்பீக்கரின் கூம்பு சும்மா இருக்கும் நிலை அது. அலை கோட்டுக்கு மேலே போனால் கூம்பு முன்னால் வருகிறது, கீழே போனால் பின்னால் போகிறது. இப்போது அலை உச்சியில் இருக்கிற இடத்தில் நீங்கள் கத்தி வைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். சாம்பிளை ஒலிக்கவிட்டதும் என்ன நடக்கும்? ஓய்வில் இருந்த கூம்பு, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைப்பட்ட நேரத்தில், அதாவது விநாடியில் 44,100இல் ஒரு பங்கில், பாதித் தூரம் தாவ வேண்டும். அந்தத் தாவல்தான் ‘டிக்’. முடிவிலும் இதே கதை: அலை உயரத்தில் இருக்கும்போது ஒலி அறுந்தால், கூம்பு திடீரென்று ஓய்வு நிலைக்கு விழுகிறது.

ஆகவே, அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்டுங்கள். இந்த இடத்துக்குப் பூச்சியக் கடப்பு என்று பெயர். நீங்கள் தேர்வு செய்த பகுதியின் இரண்டு ஓரங்களையும் பக்கத்திலுள்ள பூச்சியக் கடப்புக்கு நகர்த்திவைக்க ஆடாசிட்டியில் இசட் விசையை அழுத்தினால் போதும். மற்ற மென்பொருட்களிலும் இதற்கென்று ஓர் அமைப்பு இருக்கும். அதை எப்போதும் இயக்கிவையுங்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டீரியோ பதிவில் இடது அலையும் வலது அலையும் ஒரே நொடியில் கோட்டைக் கடப்பதில்லை. இடது பூச்சியத்தில் இருக்கும்போது வலது உச்சியில் இருக்கலாம். அதனால்தான் பூச்சியக் கடப்போடு ஒரு சின்ன ஃபேடையும் சேர்த்துப் போடுகிறோம். தொடக்கத்தில் சத்தம் பூச்சியத்திலிருந்து எழும்படி 1 அல்லது 2 மில்லி விநாடி ஃபேட் இன், முடிவில் சத்தம் பூச்சியத்துக்கு மங்கும்படி அதைவிட நீளமான ஃபேட் அவுட். 2 மில்லி விநாடி என்பது 88 புள்ளிகள். காதுக்குத் தெரியாது, கூம்புக்குத் தாவ வேண்டிய கட்டாயம் போய்விடும். தனித்த தட்டுகளை மோனோவில், அதாவது இடது வலது என்று பிரிக்காமல் ஒரே அலையாக, பதிவதும் நல்லது. ஒரு கடத்தைப் பக்கத்தில் மைக் வைத்துப் பதியும்போது ஸ்டீரியோவால் பெரிய லாபம் ஒன்றுமில்லை.

மணியின் தலையை வெட்டினால்

பூச்சியக் கடப்புகள் ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கில் வரும். அவற்றுள் எதில் வெட்டுவது? இதற்குப் பதில் தெரிய, வீட்டில் பூஜை மணி இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள்.

மணியை ஒரே ஒரு தடவை அடித்து, ஓசை அடங்கும் வரை பதியுங்கள். மென்பொருளில் திறந்து, அடி விழுந்த முதல் 100 மில்லி விநாடியை வெட்டி எறியுங்கள். மிச்சம் இருப்பதன் தொடக்கத்தில் மெதுவாக ஏறும் ஃபேட் இன் ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். மணி காணாமல் போயிருக்கும். அந்த இடத்தில் யாரோ குழல் ஊதுவது போல ஓர் ஓசை இருக்கும். பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட்டு இது என்ன வாத்தியம் என்று கேட்டால், மணி என்று சொல்வது கஷ்டம்.

1948இல் பாரிஸ் வானொலியில் பொறியாளராக இருந்த பியர் ஷெஃபர் இதைச் செய்து பார்த்தார். அப்போது டேப் கூட அவர் கையில் இல்லை, இசைத்தட்டில்தான் பதிவு. அடிக்கும் நொடியை விட்டுவிட்டு மணியின் மிச்ச ஓசையை மட்டும் பிடித்தபோது, அது ஓபோ என்ற குழல் வாத்தியம் போலக் கேட்டது. இசைத்தட்டின் சுழல் பள்ளத்தை ஒரு வட்டமாக மூடி, அதே துணுக்கு திரும்பத் திரும்ப ஒலிக்கவும் வைத்தார். இன்றைக்கு நாம் லூப் என்று சொல்வதன் மூத்த வடிவம் அது. பதிவு செய்த ஒலியையே மண்ணாகப் பிசைந்து இசை வனையலாம் என்ற எண்ணத்துக்கு அந்தச் சோதனைகள்தான் வழி திறந்தன. மவுஸைப் பிடித்து அலைவடிவத்தை வெட்டும்போதெல்லாம், ஊசியும் தட்டுமாக அவர் பட்ட பாடு நினைவுக்கு வருகிறது. எனக்கு அதில் தீராத மரியாதை.

ஒரு வாத்தியம் இன்னதென்று காது கண்டுபிடிப்பதில் பெரும்பங்கு அந்தத் தொடக்க நொடிக்கு உண்டு. நாக்கு மணியைத் தொடும் உரசல், விரல்நகம் மண்ணில் படும் ‘சட்’, நெருங்கி எழுந்து சட்டென்று அடங்கும் மேல் சுரங்கள். இதை அட்டாக் என்கிறார்கள். அதில் கத்தி பட்டால் கடம் கடமாக இருக்காது. பழகாத கை இங்கேதான் தவறு செய்கிறது. அலைவடிவத்தில் பெரிய மேடு எங்கே தொடங்குகிறதோ அங்கே வெட்டிவிடுகிறோம். அந்த மேட்டுக்கு முன்னால், கோட்டை ஒட்டினாற்போல் மெல்லிய நடுக்கம் ஒன்று இருக்கும். அது இரைச்சல் இல்லை, விரல் வந்து படும் சத்தம். அதையும் சேர்த்துக்கொண்டு வெட்ட வேண்டும். எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிப் பாருங்கள்.

அதற்காகப் பயந்துகொண்டு முன்னால் நிறைய இடம் விடவும் கூடாது. கீபோர்டில் கட்டையை அழுத்தியதும் சத்தம் வர வேண்டும். தட்டுக்கு முன்னால் 20 மில்லி விநாடி மௌனம் இருந்தால், கணக்குப்படி அது மிகச் சிறியது. ஆனால் நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டின் கால்பங்கு 125 மில்லி விநாடிதான். அதில் 20 போனால் தாளம் பின்னால் இழுக்கும். வாசிப்பவரின் கை அதை உடனே உணரும். ஒன்றிரண்டு மில்லி விநாடி முன்னால் விட்டு வெட்டுங்கள், போதும்.

முடிவுப் பக்கம் இவ்வளவு கண்டிப்பு இல்லை. ஓசை அடங்கி அறையின் இரைச்சலோடு கலந்துபோகும் வரை விட்டுவைத்து, கடைசிக் கால் விநாடியையோ அரை விநாடியையோ ஃபேட் அவுட் செய்தால் இயல்பாக இருக்கும். ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கூட்டி வைத்து, வாலை மட்டும் இரண்டு மூன்று தடவை கேளுங்கள். தெருவில் போன பைக் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சுத்தம் செய்வதில் நிதானம்

இரைச்சலை அகற்றும் கருவி ஆடாசிட்டியிலேயே இருக்கிறது. யாரும் எதுவும் வாசிக்காத பகுதியைத் தேர்வு செய்து, இதுதான் இரைச்சல் என்று மென்பொருளுக்கு முதலில் காட்ட வேண்டும். பிறகு முழுப் பதிவையும் தேர்வு செய்து, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதனால் பதிவைத் தொடங்கும்போதே ஐந்து விநாடி எல்லாரும் அசையாமல் இருந்து அறையின் மௌனத்தைப் பிடித்துவைப்பது நல்ல பழக்கம்.

ஆனால் இந்தக் கருவியைக் கொஞ்சமாகத்தான் பயன்படுத்த வேண்டும். அளவு மீறினால் ஓசை தண்ணீருக்கடியில் இருந்து வருவது போலக் கொழகொழத்துவிடும். கடத்தின் வால் பகுதியும் குரலின் மூச்சும் மென்பொருளின் கண்ணுக்கு இரைச்சல் மாதிரிதான் தெரியும். அவற்றையும் சேர்த்துத் தின்றுவிடும். மின்விசிறியை நிறுத்துவது, ஜன்னலில் கனமான போர்வையைத் தொங்கவிடுவது, மைக்கை வாத்தியத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவது: இந்த மூன்றும் செய்வதை எந்தக் கருவியாலும் செய்ய முடியாது. முடிந்தால் மறுபடி பதியுங்கள் என்பதுதான் என் கட்சி.

மின்சாரத்தின் ‘ம்ம்ம்’ ரீங்காரம் வேறு வகை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ரீங்காரம் 50இலும், அதன் மடங்குகளான 100, 150இலும் உட்கார்ந்திருக்கும். பூஜை மணியாக இருந்தால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுவதையும் வடிகட்டிவிடலாம், மணிக்கு நஷ்டமில்லை. கடத்தின் ‘கும்’ அப்படியில்லை. அதன் உயிரே கீழ் ஒலியில்தான். அங்கே வடிகட்டியை மெல்ல மெல்ல ஏற்றி, ஆழம் குறைகிற இடத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

இந்த இடத்தில் என் சொந்த நஷ்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மாச்சி பாடிய தாலாட்டு ஒன்றைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தேன். பின்னணியில் நார்க்கட்டில் கிறீச்சிடும், கோழி கத்தும், அம்மாச்சி அடிக்கொருதரம் மூச்சு வாங்குவார். இசையில் சேர்க்கலாம் என்று இரைச்சலை அகற்றினேன், மூச்சு வருமிடங்களை வெட்டினேன், அதே கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன். அன்றைக்குச் சுத்தமாகத் தெரிந்தது. அம்மாச்சி போன பிறகு கேட்டபோது அந்தக் கட்டிலும் மூச்சும்தான் எனக்கு வேண்டியிருந்தது. அவை திரும்பி வரவில்லை. மூலப் பதிவைத் தொடவே தொடாதீர்கள். ‘மூலம்’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து, பதிந்ததை அப்படியே அதில் போட்டு, வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ரீப்பர் போன்ற மென்பொருட்களில் வெட்டுவது மூலக் கோப்பைப் பாதிக்காது; எங்கிருந்து எதுவரை ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பை மட்டும் அவை வைத்துக்கொள்ளும். வெட்டிய ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மறைந்த பகுதி மீண்டும் வரும். அலையையே மாற்றிச் சேமிக்கும் மென்பொருட்களில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

சத்தத்தைச் சமன் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நார்மலைஸ் என்றால், பதிவின் மிக உயர்ந்த புள்ளி நாம் சொன்ன உயரத்துக்கு, வழக்கமாக மைனஸ் 1 டெசிபலுக்கு, வரும்படி முழு அலையையும் ஒரே அளவில் ஏற்றுவது. இரைச்சலும் கூடவே ஏறும். கடத்தில் ஒரே தட்டை மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று விதமாகப் பதிந்திருந்தால், மூன்றையும் தனித்தனியே நார்மலைஸ் செய்யாதீர்கள். மெல்லிய தட்டும் ஓங்கிய தட்டும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். வாசித்தவர் கையில் இருந்த ஏற்ற இறக்கம் அதோடு போயிற்று. மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து ஒன்றாக ஏற்றிவிட்டு, பிறகு வெட்டுங்கள்.

சுருதியும் வேகமும்

வெட்டிய சாம்பிளை சாம்ப்ளரில், அதாவது சாம்பிளைக் கீபோர்டில் வாசிக்க வைக்கும் கருவியில் அல்லது மென்பொருளில், ஏற்றியதும் கீபோர்டின் எல்லாக் கட்டைகளிலும் அதை வாசிக்கலாம். உள்ளே நடப்பது எளிய வேலை: புள்ளிகளை வேகமாகப் படித்தால் சுருதி ஏறுகிறது, மெதுவாகப் படித்தால் இறங்குகிறது. ஒரு ஸ்தாயி ஏற்ற இரண்டு மடங்கு வேகம். ஒரு அரைச்சுரம் ஏற்ற 1.0595 மடங்கு. இரண்டு கட்டை சுருதியில், அதாவது டியில் நிற்கும் கடத்தை ஒரு கட்டை சுருதிக்கு, அதாவது சிக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் இரண்டு அரைச்சுரம் இறக்க வேண்டும், வேகம் 0.89 மடங்காகும், ஒரு விநாடி ஓசை 1.12 விநாடியாக நீளும். இவ்வளவு மாற்றத்தைக் கடம் பொறுத்துக்கொள்ளும். ஐந்தாறு அரைச்சுரம் போனால் பானையின் அளவே மாறிவிட்டது போல ஒலிக்கும். மனிதக் குரல் இன்னும் பொறுக்காது. ஏற்றினால் கீச்சுக் குரலாகவும், இறக்கினால் பூதத்தின் குரலாகவும் மாறிவிடும். சுரங்கள் வாசிக்கும் வாத்தியத்தை சாம்பிள் எடுப்பவர்கள் மூன்று நான்கு அரைச்சுரத்துக்கு ஒன்று வீதம் தனித்தனியாகப் பதிந்துகொள்வது இதனால்தான்.

இந்த வேகக் கணக்கை வைத்து ஒரு தலைமுறை இசைக்கலைஞர்கள் அழகான தந்திரம் செய்தார்கள். 1987இல் வந்த ஈமு எஸ்பி-1200 என்ற சாம்ப்ளர் கருவியில் மொத்தமே சுமார் 10 விநாடிக்குத்தான் நினைவகம். நியூயார்க் ஹிப்ஹாப் கலைஞர்கள் நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டு வேகமாகப் பதிந்து, கருவிக்குள் மறுபடி சுருதியை இறக்கி வாசித்தார்கள். இடம் மிச்சமாயிற்று. 12 பிட் கருவி என்பதால் ஒலி சொரசொரப்பாக வந்தது. இடமில்லாமையில் பிறந்த அந்தச் சொரசொரப்பைத்தான் இன்றைக்கும் பலர் விரும்பித் தேடுகிறார்கள்.

சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றவும் முடியும். ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருளில் வார்ப் என்ற வசதி இதற்கென்றே இருக்கிறது. ஒலியைச் சின்னச் சின்னச் சில்லுகளாக்கி, அவற்றை நெருக்கியோ தள்ளியோ ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறும்படி அடுக்குவது இதற்கான பொதுவான வழிகளில் ஒன்று. நீண்ட ஓசைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். தட்டு வாத்தியத்தில் அட்டாக் குழம்பிப் போகும், ஒரு தட்டு இரண்டாகக் கூடக் கேட்கும். அங்கே சிறந்த வழி, வாசிப்பை ஒவ்வொரு தட்டாக நறுக்கி, தட்டுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை மட்டும் மாற்றுவது. தட்டு விழும் இடங்களை மென்பொருளே கண்டுபிடித்துக் கோடு போட்டுத் தரும். தவறான கோடுகளை நீங்கள் நகர்த்திக்கொள்ளலாம்.

லூப் செய்வதென்றால் நீளக்கணக்கு வேண்டும். நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் ஆதி தாளத்தின் எட்டு தட்டும் சேர்ந்து 6 விநாடி, அதாவது 2,64,600 புள்ளிகள். ஒரு ஆவர்த்தனத்தை, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றை, சரியாக அந்த நீளத்துக்கு வெட்டினால் எத்தனை சுற்று ஓடினாலும் தாளம் நழுவாது. இந்தக் கோப்புகளை வேவ் வடிவிலேயே வைத்திருங்கள். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். சுற்றுக்குச் சுற்று ஒரு விக்கல் விழும்.

தம்புரா போன்ற நீண்ட ஓசையை லூப் செய்யும்போது மறுபடியும் கத்தி எங்கே என்ற கேள்விதான். பூச்சியக் கடப்பு மட்டும் போதாது. நான்கு தந்தியும் மீட்டி ஒரு சுற்று முடிந்து, மறுபடி பஞ்சமம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வெட்ட வேண்டும். முதல் சுற்றின் தொடக்கத்திலும் முந்தைய தந்திகளின் ரீங்காரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே! அதனால் பதிவின் முதல் சுற்றை எடுக்காமல், ஐந்தாறு சுற்று ஓடிய பின் வரும் ஒன்றை எடுங்கள். முடிவையும் தொடக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்று 200 மில்லி விநாடி ஏற்றி, ஒன்று மங்க மற்றொன்று எழும்படி கிராஸ்ஃபேட் போடுங்கள். இணைப்பு இருப்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

மற்றவர்கள் பதிந்த பாட்டிலிருந்து துணுக்கெடுக்க நினைப்பவர்களுக்கு: பாட்டின் மெட்டுக்கு ஓர் உரிமை, அதன் ஒலிப்பதிவுக்குத் தனியாக ஓர் உரிமை என்று 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. துணுக்கு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வெளியிடும் முன் அனுமதி கேட்டுவிடுங்கள். உங்கள் வீட்டு மணிக்கும் அண்டாவுக்கும் அந்தக் கவலை இல்லை. வாசித்துத் தருபவரிடம் மட்டும் எதற்காகப் பதிகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எட்டு நிமிடப் பதிவிலிருந்து எனக்கு 23 சாம்பிள்கள் தேறின. ‘கும்’ மட்டும் நான்கு வைத்தேன். ஒரே சாம்பிளைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் தையல் மெஷின் ஓடுவது போல இருக்கும். நான்கையும் மாற்றி மாற்றி ஒலிக்கும்படி அமைத்தால் கை வாசிப்பது போல வரும். இந்த வசதி பெரும்பாலான சாம்ப்ளர்களில் உண்டு. கோப்புகளுக்கு ‘கடம், கும், மெல்ல, 1’ என்கிற மாதிரிப் பெயர் வைத்தேன். ‘புதியது 7’ என்று வைத்தால் ஒரு மாதம் கழித்து எது எதுவென்று தேட வேண்டியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். கீபோர்டை முன்னால் நகர்த்திவைத்தேன். ஒரு விரலால் ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் கேட்டுக்கொண்டே போனவர், ஓர் இடத்தில் நின்று அதையே நான்கைந்து தடவை தட்டினார்.

“தம்பி, மத்ததெல்லாம் சரியா இருக்கு. இந்த மூணாவது ‘கும்’ மட்டும் கைக்குப் பின்னாடி வருது.”

திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டுக்கு முன்னால் 14 மில்லி விநாடி மௌனம் விட்டிருந்தேன். விரல் படும் அந்த மெல்லிய நடுக்கத்துக்கு ஒட்டினாற்போல், அலை கோட்டைக் கடக்கும் இடத்தில் கத்தியை வைத்து வெட்டி, மறுபடி ஏற்றினேன். அவர் தட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை தட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாசிக்க ஆரம்பித்தார்.